ஏஎன்சிசியா, ஏஏஎன்பியா? எஃப்என்பி போர்ட் எக்ஸாம்: எதை எழுதலாம், எப்படிப் படிக்கலாம்

அமெரிக்காவில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் (எஃப்என்பி: நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நர்ஸ்) படிப்பின் கடைசி செமஸ்டருக்கு வந்துவிட்ட நம்மூர்ப் பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எது ஈஸி அக்கா, ஏஎன்சிசியா ஏஏஎன்பியா?" இரண்டும் எஃப்என்பி சான்றிதழுக்கான தேர்வை (போர்ட் எக்ஸாம்) நடத்தும் அமைப்புகள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கும் கிளினிக்கல் பயிற்சிக்கும் நடுவே ஓடிக் களைத்தவர்கள் ஈஸியானதைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரே வரியில் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். நான் ஏஏஎன்பி எழுதியவள். அதற்காக எல்லோரையும் அங்கே அனுப்ப மாட்டேன். அடுத்த ஐந்து வருஷம் என்ன வேலை பார்க்கப் போகிறீர்கள், நோயாளியே இல்லாத கேள்வி வந்தால் உங்களுக்கு எரிச்சல் வருமா வராதா, இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய முடிவு எப்படிப் படிப்பது என்பது. பலர் முதல் முடிவுக்கு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு, இரண்டாவதை யாரோ சொன்ன கோர்ஸை வாங்குவதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

ஏஎன்சிசி என்பது அமெரிக்கன் நர்சஸ் கிரெடென்ஷியலிங் சென்டர். அமெரிக்கன் நர்சஸ் அசோசியேஷனின் கீழ் இயங்குவது. பாஸானால் பெயருக்குப் பின்னால் எஃப்என்பி-பிசி என்று போட்டுக்கொள்ளலாம். மற்றது அமெரிக்கன் அகாடமி ஆஃப் நர்ஸ் பிராக்டிஷனர்ஸ் சர்டிஃபிகேஷன் போர்ட். பேச்சு வழக்கில் எல்லோருக்கும் அது வெறும் ஏஏஎன்பிதான். இங்கே கிடைப்பது எஃப்என்பி-சி. அதே பெயரில் உள்ள உறுப்பினர் சங்கமும் இந்தச் சர்டிஃபிகேஷன் போர்டும் தனித்தனி அமைப்புகள். உறுப்பினராக இருந்தால் தேர்வுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள், அவ்வளவுதான்.

மாநில நர்சிங் போர்டுகளும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் இரண்டையும் ஏற்கின்றன. சம்பளத்தில் வித்தியாசம் இல்லை. மருந்து எழுதும் உரிமையிலும் இல்லை. அதைத் தீர்மானிப்பது நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டம். டெக்சாஸில் எந்தச் சான்றிதழ் வைத்திருந்தாலும் மருந்து எழுத டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும். "பிசி என்றால் கொஞ்சம் கௌரவம் அதிகம்" என்று சில ஆஸ்பத்திரிகளில் ஒரு பேச்சு இருக்கும். வேலை தரும் இடத்தில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். நூற்றில் ஒரு இடம் ஒன்றை விரும்பலாம். மற்றவர்களுக்கு, நீங்கள் பாஸாகி லைசென்ஸோடு வந்தால் போதும்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர் படிப்பை முடித்திருந்தாலும் அதை வைத்து இந்தத் தேர்வுகளை எழுத முடியாது. இங்கே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் எஃப்என்பி டிராக்கில் முதுநிலைப் பட்டமோ, முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழோ, டிஎன்பியோ (நர்சிங்கில் டாக்டர் பட்டம்) வேண்டும். அதில் அட்வான்ஸ்டு பேத்தோபிசியாலஜி, ஹெல்த் அசெஸ்மென்ட், ஃபார்மகாலஜி மூன்றும் தனித்தனிப் பாடங்களாக இருக்க வேண்டும். மேற்பார்வையில் செய்த கிளினிக்கல் நேரம் குறைந்தது 500 மணி. உங்கள் கல்லூரி அதற்கு மேலேயே கேட்கும்.

எஃப்என்பி அல்லாதவர்களுக்கு இந்தக் குழப்பம் குறைவு. குழந்தைகள் பிரிவு என்றால் பீடியாட்ரிக் நர்சிங் சர்டிஃபிகேஷன் போர்ட். பெண்கள் நலமும் பச்சிளங்குழந்தைகளும் என்சிசி என்ற வேறொரு அமைப்பில். பெரியவர்கள்-முதியோர் பிரைமரி கேர் இரண்டு இடத்திலும் உண்டு. மனநலத்துக்கு நெடுநாள் ஏஎன்சிசி மட்டும்தான் இருந்தது. 2024 முதல் ஏஏஎன்பியும் நடத்துகிறது. இனி எஃப்என்பி பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேள்வித்தாளின் குணம்

ஏஏஎன்பியில் 150 கேள்விகள், 3 மணி நேரம். அதில் 135க்குத்தான் மதிப்பெண். மீதி 15 அடுத்த தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. ஏஎன்சிசியில் 175 கேள்விகள், மூன்றரை மணி நேரம். 150க்கு மதிப்பெண், 25 சோதனைக் கேள்விகள். எவை சோதனைக் கேள்விகள் என்று இரண்டிலும் தெரியாது. "ஏஎன்சிசி ரொம்ப நீளம், நேரம் பத்தாது" என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டிலும் ஒரு கேள்விக்குச் சரியாக 72 வினாடி. நீளம் அரை மணி கூடுதல்தான். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காபி குடித்து வேலையை இழுத்தவர்களுக்கு அரை மணி ஒரு விஷயமா?

பாஸ் மதிப்பெண் ஏஎன்சிசியில் 500க்கு 350, ஏஏஎன்பியில் 200 முதல் 800 வரையுள்ள அளவுகோலில் 500. இரண்டுமே சதவீதம் அல்ல. "350 என்றால் 70 சதவீதம்" என்று கணக்குப் போட்டு மாக் டெஸ்டில் 70 எடுத்ததும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

உண்மையான வித்தியாசம் எதைக் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஏஏஎன்பி கிட்டத்தட்ட முழுக்க கிளினிக்கல். நோயாளி வருகிறார், வயது இது, தொந்தரவு இது. என்ன பரிசோதனை, என்ன நோய், என்ன மருந்து, திரும்பி வந்தபோது சரியாகாவிட்டால் அடுத்து என்ன? நான்கு விடைகள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கர்ப்பிணி முதல் தொண்ணூறு வயதுத் தாத்தா வரை எல்லோரும் வருவார்கள்.

ஏஎன்சிசியிலும் பெரும்பகுதி கிளினிக்கல்தான். ஆனால் கூடவே வேறொரு உலகம் இருக்கிறது. ஒரு பரிசோதனையின் சென்சிடிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்ன சொல்கிறது; ஆய்வுகளில் எது வலுவான ஆதாரம்; நோயாளி புகைப்பதை விட நினைக்கிறார், இன்னும் தேதி குறிக்கவில்லை என்றால் அவர் மாற்றத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்; மெடிகேர் பார்ட் பி எதற்குப் பணம் தரும்; நர்ஸ் பிராக்டிஷனர் தன் சொந்த எண்ணில் பில் போட்டால் டாக்டருக்குரிய தொகையில் 85 சதவீதம், டாக்டரின் பெயரில் 'இன்சிடென்ட் டு' விதிப்படி போட்டால் முழுத்தொகை என்பது; ஆஸ்பத்திரியில் ஒரு தவறு நடந்தால் மூல காரணத்தை எப்படித் தேடுவது. இதெல்லாம் படிப்பில் வந்தவைதான். பலர் அந்தப் பாடங்களைக் கட்டுரை எழுதி ஒப்பேற்றிவிட்டு மறந்திருப்பார்கள்.

கேள்வி வடிவமும் மாறும். ஏஎன்சிசியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடையைத் தேர்ந்தெடுப்பது, இழுத்து வரிசைப்படுத்துவது, படத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டுவது எல்லாம் வரும். பதிவு நர்ஸ் (ஆர்என்) லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வில் 'பொருந்துவதெல்லாம் தேர்ந்தெடு' என்ற கேள்விகளால் சூடு பட்டவர்கள் இதைக் கேட்டதும் பின்வாங்குகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். எத்தனை விடை தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இங்கே கேள்வியிலேயே சொல்லிவிடுவார்கள்.

பாஸ் சதவீதத்தை இரண்டு அமைப்புமே வெளியிடுகின்றன. ஏஏஎன்பிதான் ஈஸி என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ, அண்மை வருஷங்களின் எண்கள் அதற்குத் துணை நிற்கவில்லை. அதற்காக ஏஎன்சிசி ஈஸி என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் எழுதுகிற கூட்டம் ஒன்றல்ல. சில கல்லூரிகள் தங்கள் மாணவர்களை மொத்தமாக ஒரு பக்கம் அனுப்புகின்றன. எழுதுபவர் யார் என்று தெரியாமல் சதவீதத்தை மட்டும் ஒப்பிட்டு என்ன பயன்?

அப்படியென்றால் எதை வைத்து முடிவு செய்வது? இரண்டு அமைப்புமே தேர்வின் உள்ளடக்கப் பட்டியலை இலவசமாகத் தருகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். கொள்கை, ஆராய்ச்சி, தரமேம்பாடு என்ற வரிகளைப் பார்க்கும்போது "இது எனக்கு வரும், இங்கே மார்க் எடுக்கலாம்" என்று தோன்றினால் ஏஎன்சிசி. ஆஸ்பத்திரியில் தரக் கமிட்டியில் இருந்தவர்களுக்கும் சார்ஜ் நர்ஸாக இருந்தவர்களுக்கும் அந்தக் கேள்விகள் உண்மையிலேயே இலவச மார்க். "மருந்தைக் கேள், நோயைக் கேள், இது எதற்கு?" என்று தோன்றினால் ஏஏஎன்பி.

ஐந்து வருஷம் கழித்து

இதை முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு. என் கணக்கில் தேர்வின் நீளத்தைவிட இதற்குத்தான் எடை அதிகம். இரண்டு சான்றிதழும் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். ஏஏஎன்பியைப் புதுப்பிக்க 1000 மணி நேரம் எஃப்என்பியாக வேலை பார்த்திருக்க வேண்டும், கூடவே 100 மணி தொடர்கல்வி, அதில் 25 மருந்தியல். அது இல்லையென்றால் மறுபடி தேர்வு. ஏஎன்சிசியில் 75 மணி தொடர்கல்வி, அதில் 25 மருந்தியல். அதோடு அவர்கள் தரும் பட்டியலிலிருந்து இன்னொன்று: கற்பிப்பது, மாணவர்களுக்கு ப்ரீசெப்டராக (கிளினிக்கலில் மேற்பார்த்துக் கற்றுத்தருபவராக) இருப்பது, கட்டுரை வெளியிடுவது, வேலை பார்த்த மணி நேரம் என்று பல வழிகள் உண்டு.

முழுநேரம் கிளினிக்கில் உட்காரப் போகிறவருக்கு 1000 மணி என்பது ஒரு பொருட்டே இல்லை; ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் நம் பெண்களின் வாழ்க்கை நேர்கோட்டில் போவதில்லை. குழந்தை பிறக்கும். கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை வரும், புது லைசென்ஸுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் அம்மாவுக்கு முடியாமல் போனால் ஆறு மாதம் போய் இருக்க வேண்டியிருக்கும். எஃப்என்பி பாஸான பிறகும் சம்பளக் கணக்குப் பார்த்து ஐசியூவில் ஆர்என்னாகவே தொடர்கிறவர்களும் உண்டு. அந்த மணி நேரம் ஏஏஎன்பியில் கணக்கில் வராது. கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை இருந்தாலும், நடுவில் இடைவெளி விழும் என்று தெரிந்தாலும், ஏஎன்சிசியின் வளைந்துகொடுக்கும் விதி உங்களுக்கு உதவும்.

எமர்ஜென்சி பக்கம் போக நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. எஃப்என்பி சான்றிதழ் உள்ளவர்களுக்கான எமர்ஜென்சி நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வை நடத்துவது ஏஏஎன்பி போர்ட். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் புதுப்பிக்கும்போது தலைவலி குறையும்.

பணத்தைப் பொறுத்தவரை ஏஎன்சிசி கொஞ்சம் அதிகம். அந்தந்தச் சங்கத்தில் மாணவர் உறுப்பினராகச் சேர்ந்து, தள்ளுபடியில் கட்டினால் வித்தியாசம் சுருங்கும். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் கட்டும் நாளில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி படிப்புச் செலவைத் திருப்பித் தருகிறதென்றால் தேர்வுக் கட்டணமும் அதில் வருமா என்று எச்ஆரில் கேளுங்கள். கேட்காதவர்களுக்குத் தானாக வருவதில்லை.

ஃபெயிலானால்

யாரும் பேச விரும்பாத பகுதி. ஆனால் விதிகளில் வித்தியாசம் இங்கேதான் கூர்மையாக இருக்கிறது. ஏஎன்சிசியில் 60 நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம். 12 மாதத்துக்குள் மூன்று முறை வரை. ஏஏஎன்பியில் ஒரு காலண்டர் வருஷத்தில் இரண்டு முறைதான். நடுவில், எந்தப் பகுதியில் பலவீனம் என்று அறிக்கை சொல்கிறதோ அதில் 15 மணி நேரத் தொடர்கல்வி முடித்துச் சான்று காட்ட வேண்டும். அது ஒரு தண்டனை போலத் தோன்றலாம். எனக்கு அது நல்ல விதி. என்ன தவறு என்று பார்க்காமலே மறுபடி போய் உட்காரும் அவசரத்தை அது தடுக்கிறது.

ஒன்றில் ஃபெயிலானால் மற்றதை எழுதத் தடையில்லை. அதனால்தான் சிலர் முதலிலேயே இரண்டுக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள், 'பாதுகாப்புக்கு' என்று. அது வேண்டாம். ஒரு தேர்வின் பட்டியலை மனதில் வைத்துப் படித்தால்தான் படிப்புக்கு ஒரு கட்டுக்கோப்பு வரும். முதலாவது சரியாகப் போகவில்லையென்றால் அப்போது இரண்டாவதை யோசிக்கலாம். அப்போதும், ஏஏஎன்பியில் சில மார்க்கில் போனவர் கிளினிக்கல் பலவீனத்தைச் சரிசெய்யாமல் ஏஎன்சிசிக்கு மாறினால் அதே பலவீனம் அங்கேயும் வந்து நிற்கும். வேலை வாக்குறுதி கையில் இருந்து நேரம் நெருக்கினால் மாறுவது நியாயம். மற்றபடி இடம் மாற்றுவது படிப்புக்கு மாற்று ஆகாது.

என்கிளெக்ஸ் புத்தியைக் கழற்றி வையுங்கள்

நம்மில் பெரும்பாலோர் அமெரிக்கா வந்ததே என்கிளெக்ஸ் பாஸ் பண்ணித்தான். அந்தத் தேர்வு ஒரு பழக்கத்தை எலும்புக்குள் ஏற்றிவிடும்: முதலில் அசெஸ் பண்ணு, பாதுகாப்பைப் பார், மூச்சுக்குழாயைப் பார், சந்தேகம் வந்தால் டாக்டருக்குச் சொல். என்கிளெக்ஸில் கணினி உங்கள் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றும். போர்ட் எக்ஸாமில் அப்படி இல்லை. எல்லோருக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கேள்விகள், முடிவு வரை எழுத வேண்டும். இது சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம், 'டாக்டருக்குச் சொல்' என்ற விடை இங்கே இல்லை என்பது. அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நாற்பத்தைந்து வயது ஆண், வேறு நோய் எதுவும் இல்லை. நான்கு நாளாகக் காய்ச்சல், சளியோடு இருமல், வலது கீழ்ப்பக்க நுரையீரலில் சத்தம், எக்ஸ்ரேயில் இன்ஃபில்ட்ரேட், அதாவது நிமோனியா. தெளிவாகப் பேசுகிறார், ரத்த அழுத்தம் சரி, மூச்சு நிமிடத்துக்கு 22. என்கிளெக்ஸ் மனம் "ஆக்சிஜன் பார், தலைமாட்டை உயர்த்து" என்று ஓடும். போர்ட் எக்ஸாம் கேட்பது: இவரை வீட்டுக்கு அனுப்பலாமா, என்ன மருந்து எழுதுவீர்கள்? குழப்பம், யூரியா, மூச்சு 30 அல்லது அதற்கு மேல், குறைந்த பிபி, 65 வயது ஆகிய ஐந்தையும் எண்ணிப் பார்த்து, வெளிநோயாளியாகவே பார்க்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும். பிறகு அமாக்ஸிசிலின் 1 கிராம் மூன்று வேளை, அல்லது டாக்ஸிசைக்ளின். அஸித்ரோமைசினைக் கை தானாகத் தேடும்; அந்த ஊரில் நியூமோகாக்கஸ் கிருமிக்கு மேக்ரோலைடு எதிர்ப்பு 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அதைத் தனியாகத் தரலாம். இதே ஆளுக்கு சிஓபிடி (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்தால் விடை மாறிவிடும்: அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டோடு இன்னொரு மருந்து, அல்லது லெவோஃப்ளாக்ஸசின் வகை. அந்த ஒரு வார்த்தையைக் கவனிக்க வைப்பதற்குத்தான் மொத்தக் கேள்வியும்.

ஊரில் வேலை பார்த்த அனுபவம் சில இடங்களில் கைகொடுக்கும், சில இடங்களில் காலை வாரும். வேலூர்ப் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸ் பார்த்தவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் பழைய நண்பன். இங்கே அதன் இடத்தில் ராக்கி மவுண்டன் ஸ்பாட்டட் ஃபீவர் வரும்: உண்ணிக் கடி, காய்ச்சல், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தொடங்கி உள்ளங்கை வரை வரும் தடிப்பு. எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் டாக்ஸிசைக்ளின்தான், பல் கறையாகும் என்று தயங்கக் கூடாது. லைம் நோயின் வட்டத் தடிப்பை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். படத்தைப் பார்த்துப் பார்த்துப் பழக வேண்டும். தடுப்பூசியில் நம் நினைவு முழுக்க ஊர் அட்டவணை. அங்கே ஒன்பது மாதத்தில் எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா), இங்கே எம்எம்ஆர் (அவற்றோடு பொன்னுக்கு வீங்கியும்) முதல் டோஸ் 12 முதல் 15 மாதத்தில். அங்கே வாயில் சொட்டு விடும் போலியோ மருந்து, இங்கே ஊசி மட்டும். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. எக்ஸாமில் அந்தத் தழும்போடு வரும் நோயாளிக்குத் தோல் பரிசோதனையைவிட ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஆர்ஏ நல்லது. தோல் பரிசோதனையே செய்தால் 5, 10, 15 மில்லிமீட்டர் யார் யாருக்கு என்பது மனப்பாடம். அண்மையில் வந்த குடியேறிக்கு 10. ஒரு காலத்தில் நாமே அந்த வரியில் நின்றவர்கள்தான், மறக்க வழியில்லை.

ஸ்க்ரீனிங் வயதுகளை ஊரில் உருப்போடும் வழக்கமே இல்லாததால் பலர் இதில் மார்க்கை விடுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கு 45இல் தொடக்கம். மார்பகத்துக்கு 40 முதல் 74 வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. நுரையீரலுக்கு 50 முதல் 80, 20 பேக்-இயர் (தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருஷத்துக்குச் சமம்) புகைத்தவர், இன்னும் புகைப்பவர் அல்லது விட்டு 15 வருஷத்துக்குள் இருப்பவர். வயிற்று மகாதமனி வீக்கத்துக்கு ஒரு தடவையாவது புகைக்கும் பழக்கம் இருந்த 65 முதல் 75 வயது ஆண்கள். யுஎஸ்பிஎஸ்டிஎஃப் (அமெரிக்க நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு) பரிந்துரைகளை ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

கோர்ஸா, கேள்வி வங்கியா, குழுவா

ஃபிட்ஸ்ஜெரால்டு, பார்க்லி, ஏபிஇஏ: இந்த மூன்று ரிவ்யூ கோர்ஸ் பெயர்களும் எல்லா வகுப்பிலும் அடிபடும். ஃபிட்ஸ்ஜெரால்டு ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அறிகுறி என்று உடலியங்கியலில் தொடங்கிக் கொண்டுபோகும். நீளமானது. பொறுமை உள்ளவர்களுக்கும், பேத்தோபிசியாலஜியில் அடித்தளம் ஆட்டம் காண்கிறவர்களுக்கும் பொருந்தும். பார்க்லி, ஏபிஇஏ இரண்டின் தயார்நிலைத் தேர்வுகளையும் கல்லூரிகளே வாங்கி வைத்திருப்பது வழக்கம். உங்கள் கல்லூரி ஏற்கெனவே அதற்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் சொந்தக் காசில் வாங்காதீர்கள். கேள்வி வங்கி என்றால் யுவேர்ல்டு பெயர் முதலில் வரும்; என்கிளெக்ஸுக்கே அதைத்தான் படித்திருப்பீர்கள்.

என் கட்சி கேள்வி வங்கிதான். ஒரு கோர்ஸ், ஒரு கேள்வி வங்கி, ஒரு ரிவ்யூ புத்தகம். அதற்கு மேல் வாங்கினால் அது பயத்துக்குக் கட்டும் வட்டி. மூன்று கோர்ஸ் வாங்கி மூன்றிலும் இதயச் சத்தங்கள் வரை மட்டும் கேட்டவர்களை எனக்குத் தெரியும். வீடியோ கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். புரிந்ததா என்று சொல்வது கேள்விதான். மைட்ரல் ரிகர்ஜிடேஷன் சத்தம் அக்குளுக்குப் பரவும், அயோர்டிக் ஸ்டெனோசிஸ் சத்தம் கழுத்துக்குப் பரவும் என்று நூறு தடவை கேட்டாலும், எழுபது வயதுப் பாட்டி படியேறும்போது மயங்கி விழுந்தார் என்று கேள்வி தொடங்கும்போது அது நினைவுக்கு வர வேண்டுமே.

கேள்வி போடுவதிலும் ஒரு முறை உண்டு. ஒரு நாளில் இருநூறு போட்டேன் என்ற பெருமை உதவாது. நாற்பது போட்டு, தவறானவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள்: எனக்கு விஷயமே தெரியவில்லை; தெரியும், ஆனால் கேள்வியில் ஒரு வார்த்தையைத் தவறவிட்டேன்; இரண்டு விடைக்கு நடுவே மாட்டித் தவறானதை எடுத்தேன். முதல் வகைக்குப் புத்தகம். இரண்டாவதுக்கு, கடைசி வரியை முதலில் படித்துவிட்டு மேலே போகும் பழக்கம். மூன்றாவதுதான் நம் ஆட்களுக்கு அதிகம். அதில் பாதி, ஆஸ்பத்திரி அனுபவம் சொல்வதை எழுதுவதால் வருவது. ஐசியூவில் பத்து வருஷம் இருந்தவர் எல்லாவற்றுக்கும் சிடி ஸ்கேன், ஐவி மருந்து என்று போவார். எக்ஸாம் நடப்பது ஒரு சாதாரண பிரைமரி கேர் கிளினிக்கில்.

நேரடியாக நடக்கும் இரண்டு மூன்று நாள் ரிவ்யூ கோர்ஸ்களை, படித்து முடித்தவர்கள் கடைசியில் ஒரு முறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கப் பயன்படுத்தலாம். அதையே முதல் படிப்பாக வைத்தால் தலைக்கு மேல் வெள்ளம். குழுவாகப் படிப்பது, எல்லோரும் ஒரே தேர்வை எழுதினால் மட்டும் நல்லது. ஒருவர் ஏஎன்சிசி, மூவர் ஏஏஎன்பி என்றால் பாதி நேரம் எதைப் படிப்பது என்பதிலேயே போகும். அப்புறம், தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால் விஷயம் நன்றாக மனதில் நிற்கும் என்பது உண்மை. கேள்வியை மட்டும் ஆங்கிலத்திலேயே படித்துப் பழகுங்கள், அங்கே 72 வினாடிதான்.

இரண்டு அமைப்புகளும் தாங்களே மாதிரித் தேர்வு தருகின்றன. அதைக் கடைசி இரண்டு வாரத்துக்குள் எடுங்கள், ஒரே மூச்சில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. விடை தெரியாவிட்டாலும் எதையும் காலியாக விடாதீர்கள். தவறான விடைக்கு மார்க் பிடிப்பது இரண்டிலும் இல்லை.

எப்போது எழுதுவது

பட்டம் கையில் வந்த இரண்டு மூன்று மாதத்துக்குள். பாடங்களும் கிளினிக்கல் நேரமும் முடிவதற்கு முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்கலாம். இறுதி மார்க் பட்டியல் போய்ச் சேர்ந்த பிறகுதான் சான்றிதழ் வரும். 'ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்' என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். பாஸானதும் வேலை தொடங்கிவிடாது. மாநில லைசென்ஸ், மருந்து எழுதும் அனுமதி, கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதத் தேவையான டிஇஏ எண், அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கிரெடென்ஷியலிங் (தகுதிச் சரிபார்ப்பு) என்று மாதங்கள் ஓடும். நீங்கள் ஒரு மாதம் தள்ளினால் எஃப்என்பி சம்பளமும் ஒரு மாதம் தள்ளும். மாறாக, கடைசி கிளினிக்கலில் ப்ரீசெப்டர் பீடியாட்ரிக்ஸைச் சரியாகக் காட்டாமல் விட்டிருந்தால், அந்த ஓட்டையை அடைக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்வது நஷ்டமில்லை. வருஷக் கடைசியில் ஏஏஎன்பி எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. டிசம்பரில் ஃபெயிலானால், ஜனவரியில் புதுக் கணக்கு.

விண்ணப்பிக்கும்போது நம் பெயர்தான் முதல் தலைவலி. இனிஷியலை விரித்து அப்பா பெயர் கடைசிப் பெயராக ஒரு அட்டையில், கணவர் பெயர் இன்னொன்றில், ஆர்என் லைசென்ஸில் மூன்றாவது விதமாக என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையும் விண்ணப்பப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லையென்றால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், கட்டிய பணமும் போகலாம். டிரைவர் லைசென்ஸ், ஆர்என் லைசென்ஸ், கல்லூரிப் பதிவு மூன்றையும் எடுத்து மேசையில் வைத்துப் பெயரை ஒப்பிடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே மாற்றிவிடுங்கள், தேர்வுத் தேதி வாங்கிய பிறகு அல்ல.